துயரமும் மனப்பிறழ்வும் முகத்தில் ஏறியபோது: 19ஆம் நூற்றாண்டு உருவப்படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் சிலருக்கு உருவப்படம் வரையச் சொல்லித் தருகிறேன். பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிகோ வரைந்த மனநோயாளிகளின் முகங்களைத் திரையில் காட்டும் நாளில் மட்டும் யாரும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புவதில்லை, கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பார்க்கும்போது தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு முகத்தை முதலில் பாருங்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஜெரிகோவின் அந்தப் படங்கள் எவை? இப்போது எங்கே இருக்கின்றன?

1820களின் தொடக்கத்தில் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த மனநோயாளிகளின் உருவப்படங்கள். மொத்தம் பத்து என்று சொல்லப்படுகிறது, நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்து. இரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். ஐந்தும் ஐந்து ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன: பிரான்சில் லியோன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒன்று, பாரிஸ் லூவ்ரில் ஒன்று, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் ஒன்று, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒன்று. எல்லாமே சின்னப் படங்கள்தான். கென்ட்டில் இருப்பது ஏறக்குறைய 61 சென்டிமீட்டர் உயரம், 50 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஒரு நிஜ மனிதரின் தலையும் தோளும் கிட்டத்தட்ட அதே அளவில் உங்கள் எதிரே இருக்கும்.

ஐந்திலும் பின்னணி இருட்டு. ஐந்திலும் கைகள் தெரியாது. ஐந்து பேரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை.

ஜெரிகோ யார்? அவருக்கு ஏன் இந்த வேலை?

1791இல் ரூவான் நகரில் பிறந்தவர், 1824 ஜனவரியில் 32 வயதில் பாரிசில் இறந்துவிட்டார். 1819இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘மெதூசாவின் தெப்பம்’ என்ற படத்தால் எல்லோருக்கும் தெரிந்தவர். மெதூசா என்ற கப்பல் தரைதட்டி, தெப்பத்தில் கைவிடப்பட்டு, பசியிலும் வெறியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் படம் அது, ஏறக்குறைய 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. உயிர் தப்பியவர்களைத் தேடிப்போய்ப் பேசினார், பிணங்களின் கை கால்களை ஸ்டுடியோவில் வைத்து வரைந்து பழகினார், தலையை மொட்டையடித்துக்கொண்டு வெளியே போகாமல் வேலை செய்தார். முடித்த பிறகு ஆள் நொறுங்கிப் போனார்.

அந்தத் தெப்பத்தில் ஒரு மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? தலையில் சிவப்புத் துணி, மடியில் ஓர் இளைஞனின் பிணம். தூரத்தில் கப்பல் தெரிகிறது என்று எல்லோரும் எழுந்து கையசைக்கிறார்கள், அவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, கன்னத்தைக் கையில் தாங்கி, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெரிகோவின் மனநோயாளிகள் அந்தக் கிழவரிடமிருந்துதான் வந்தார்கள் என்பது என் எண்ணம். உலகமே ஒரு பக்கம் பார்க்கும்போது வேறு பக்கம் போய்விட்ட அந்தப் பார்வையை அவர் அங்கே கண்டுபிடித்துவிட்டார்.

மனநோயாளிகளின் படங்களுக்குக் காரணமானவர் எத்தியென் ஜார்ஜே என்ற இளம் மருத்துவர். பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் வேலை செய்தவர், 1820இல் மனநோய் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். ஜெரிகோவுக்கு அவர் வைத்தியம் பார்த்தார், அதற்கு நன்றியாக இவர் வரைந்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக மருத்துவரே வரையச் சொன்னார் என்று இன்னொரு கதை. இரண்டுமே பின்னால் வந்த ஊகங்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, நன்றிக்காக வரைகிறவர் பத்துப் படம் வரைய மாட்டார்.

தலைப்புகளில் வரும் ‘மோனோமேனியா’ என்றால் என்ன?

தமிழில் ‘ஒற்றைப் பித்து’ என்று சொல்லலாம். ஜார்ஜேயின் ஆசிரியரான எஸ்கிரோல் 1810ஐ ஒட்டி உருவாக்கிய சொல். ஒரு மனிதருக்கு மற்ற எல்லா விஷயத்திலும் புத்தி தெளிவாக இருக்கும், ஒரே ஒரு எண்ணத்தில் மட்டும் பிடி விட்டுப் போயிருக்கும், அதுதான் மோனோமேனியா. பொறாமை, சூதாட்டம், திருட்டு, குழந்தை கடத்தல், தான் ஒரு படைத்தளபதி என்ற நம்பிக்கை, இவைதான் ஜெரிகோவின் ஐந்து படங்களுக்கு வைக்கப்பட்ட பெயர்கள்.

இது வெறும் மருத்துவச் சொல்லாக நிற்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போனது. வெளிப்பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் ஒருவர் காரணமில்லாமல் கொலை செய்தால் அவருக்கு மரண தண்டனை கொடுப்பதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா? 1825இல் ஜார்ஜே சில கொலை வழக்குகளை எடுத்து அலசி, இவர்கள் நோயாளிகள் என்று வாதிட்டு எழுதினார். நீதிபதிகள் தரப்பு கொதித்துப் போனது. 1828இல் அவர் காசநோயில் இறந்தார், 33 வயதுதான். அந்த நூற்றாண்டின் பின்பாதியில் மோனோமேனியா என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது.

ஆக, அந்த நோய்ப்பெயர் இன்று இல்லை. படங்கள் இருக்கின்றன.

முகத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்ல முடியும் என்று உண்மையிலேயே நம்பினார்களா?

நம்பினார்கள், அதுவும் தீவிரமாக. எஸ்கிரோல் தம்முடைய நோயாளிகளை ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தார், 1838இல் வெளியான அவருடைய பெரிய நூலில் செதுக்குப் படங்களும் சேர்ந்து வந்தன. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் மாரிசன் என்ற மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முகங்களை லித்தோகிராப் என்ற கல்லச்சு முறையில் அச்சிட்டு ஒரு புத்தகமே போட்டார். நோய் இருக்கும்போது ஒரு முகம், குணமான பிறகு அதே ஆளின் இன்னொரு முகம் என்று சேர்த்துக் காட்டும் பக்கங்களும் அதில் உண்டு. இந்த மாரிசன் பிறகு ஒருமுறை வருவார், பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜெரிகோவின் படங்கள் இந்த நம்பிக்கையை நிரூபித்தனவா? வகுப்பில் ஐந்து படங்களையும் தலைப்பு இல்லாமல் காட்டி, இதில் யார் திருடர், யார் பிள்ளை பிடிப்பவர் என்று கேட்பேன். இன்றுவரை ஒருவர்கூட ஐந்தையும் சரியாகச் சொன்னதில்லை. கென்ட்டில் இருக்கும் ‘திருடரை’க் காட்டியதும், மகனைப் பறிகொடுத்த தகப்பன் மாதிரி இருக்கிறார் என்றார் ஒரு அம்மா. கலைந்த தலை, ஒழுங்கில்லாத தாடி, எங்கேயோ நிலைத்த கண். அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தப் படம் அப்படித்தான் தெரிகிறது.

இந்தப் படங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அடிப்படையில் இதுதான்: மருத்துவர் நோயைக் கேட்டிருக்கலாம், ஓவியர் ஆளைக் கொடுத்துவிட்டார்.

இதற்கு முன்னால் பித்துப் பிடித்தவர்களை எப்படி வரைந்தார்கள்?

அடையாளங்களை வைத்து. சங்கிலி, வைக்கோல், கிழிந்த துணி, அரை நிர்வாணம், விரித்த தலை, பிதுங்கிய கண், தலையில் காகிதக் கிரீடம். லண்டனின் பெத்லெம் மனநோய் விடுதியின் வாசலில் 17ஆம் நூற்றாண்டில் இரண்டு சிலைகள் இருந்தன, ஒன்று சோகப்பித்து, இன்னொன்று சங்கிலியால் கட்டப்பட்ட வெறிப்பித்து. 1735இல் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் அதே விடுதியின் உட்புறத்தைச் செதுக்குப் படமாக்கியபோது நோயாளிகளைப் பார்க்க வந்த நாகரிகப் பெண்களையும் சேர்த்தே வரைந்தார். வேடிக்கை பார்ப்பதற்காகவே மக்கள் போய்வந்த காலம் அது.

ஜெரிகோ இந்தச் சாமான்கள் எதையும் எடுக்கவில்லை. ஒரு வக்கீலையோ வியாபாரியையோ எப்படி உட்கார வைத்து வரைவார்களோ அதே மாதிரி, மார்பளவில், சட்டை கோட்டு போட்டு வரைந்தார். அந்தக் காலத்தில் உருவப்படம் என்பது காசுள்ளவர்கள் கூலி கொடுத்து வரைந்துகொள்வது. அந்த மரியாதையைக் காசும் பெயரும் இல்லாதவர்களுக்குக் கொடுத்ததுதான் பெரிய மாற்றம்.

ஒரே ஒரு படத்தைப் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

லியோனில் இருக்கும் மூதாட்டி. தலைப்பில் ‘பொறாமைப் பித்து’ என்று இருக்கும், ‘சால்பெத்ரியேரின் கழுதைப்புலி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டியிருக்கும். இரண்டையும் மறைத்துவிடுங்கள்.

முதலில் வெள்ளைத் தொப்பி. ஓரத்தில் கொசுவம் வைத்த துணித்தொப்பி, அந்தக் காலத்துச் சாதாரணப் பெண்கள் அணிவது. அந்தக் கொசுவத்தை ஜெரிகோ வேகமாக, தூரிகையை இழுத்து விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார், கிட்டப் போனால் வெறும் வெள்ளைத் திட்டுகள்தான். அப்புறம் கழுத்தருகே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு மேலே கண்ணுக்குப் போங்கள், இமையோரத்தில் அதே சிவப்பு திரும்ப வருகிறது. தூக்கமில்லாத கண், அழுது வீங்கியதா எரிச்சலில் சிவந்ததா என்று பிரிக்க முடியாத கண். பார்வை பக்கவாட்டில், படத்துக்கு வெளியே இருக்கும் எதன் மேலோ. உதடுகள் இறுக்கமாக மூடியிருக்கின்றன. தோலில் மஞ்சள், பச்சை, சாம்பல், சிவப்பு என்று தனித்தனி வண்ணங்கள் ஈரமாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும். உட்கார்ந்த இடத்தில், அதிகம் திருத்தாமல் வரைந்த கை இது.

எங்கள் பெரியம்மாவை எனக்கு ஞாபகப்படுத்தும் படம் இது. பெரியப்பாவின் கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்புவார், பதில் சொல்வார், மறுபடி பார்வை அங்கேயே போய்விடும். அது பொறாமை இல்லை, கோபமும் இல்லை. முகம் மட்டும் லியோன் மூதாட்டியின் முகம்தான்.

இந்தத் தலைப்புகளை ஜெரிகோவே வைத்தாரா?

இல்லை. படங்கள் நாற்பது வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 1863இல் லூயி வியார்தோ என்ற கலை விமர்சகர் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில், லாஷேஸ் என்ற மருத்துவரின் வீட்டுப் பரணில் ஐந்தையும் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஜார்ஜே இறந்தபின் பத்துப் படங்களும் மாரெஷால், லாஷேஸ் என்ற இரு மருத்துவர்களுக்குப் பிரிந்துபோனதாகவும், மாரெஷாலிடம் போன ஐந்து பிரித்தானிப் பகுதிக்குச் சென்றுவிட்டதாகவும் அந்தக் கடிதம் வழியாகத்தான் தெரியவருகிறது. எது எந்தப் பித்து என்ற விவரமும் அங்கிருந்துதான். வரைந்து நாற்பது வருடம் கழித்து, வரைந்தவரும் வரையச் சொன்னவரும் இறந்த பிறகு எழுதப்பட்டவை இந்தப் பெயர்கள்.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். சால்பெத்ரியேர் பெண்களுக்கான மருத்துவமனை. ஐந்தில் மூன்று பேர் ஆண்கள். அப்படியானால் அந்த மூன்று பேரும் வேறு இடத்தில் இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ‘சால்பெத்ரியேர் நோயாளிகள்’ என்று ஐந்து பேரையும் மொத்தமாக எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து பேரின் பெயர்கள் என்ன?

ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் வலிக்கும். அதனால் வகுப்பில் நோயின் பெயரால் அழைப்பதை நிறுத்திவிட்டேன். வெள்ளைத் தொப்பி அம்மா, ஊன்றுகோல் அம்மா (லூவ்ரில் இருப்பவர், தோளுக்குக் கீழே ஊன்றுகோலின் முனை தெரியும்), குஞ்சத் தொப்பித் தாத்தா என்று சொல்கிறோம். குஞ்சத் தொப்பித் தாத்தா விண்டர்தூரில் இருப்பவர். சிப்பாய்த் தொப்பி, ஒரு தோளில் போர்வை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு வட்ட வில்லை. தளபதிக்கு உரிய பதக்கமாக அதை அவர் அணிந்திருக்கிறார். நெப்போலியன் வீழ்ந்து சில வருடங்களே ஆன நாட்டில் அப்படி ஒரு கிழவர். எத்தனை பேர் போருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய தேசம் அது என்று நினைத்தால் அந்த வில்லையைப் பார்க்கவே முடியாது.

அவர்கள் சம்மதித்தா உட்கார்ந்தார்கள்? இதைப் பார்ப்பதே தவறில்லையா?

விடுதியில் அடைபட்டவரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அந்தக் கூச்சம் உங்களுக்கு வருவது நல்லது, எனக்கும் உண்டு. ஆனால் பார்க்காமல் விடுவதால் அவர்களுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. வேடிக்கை பார்ப்பதற்கும் ஒருவரைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று நமக்கே தெரியும், ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்கப் போகும்போது எப்படிப் பார்க்கிறோமோ அப்படிப் பாருங்கள்.

துயரத்தைக் காட்டும் உருவப்படங்களில் ஏன் யாரும் அழுவதில்லை?

ஒன்று, நடைமுறைக் காரணம். உருவப்படத்துக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும், அழுகை அவ்வளவு நேரம் நிற்காது. அழும்போது முகம் சுருங்கி ஆள் அடையாளமே மாறிவிடும், உருவப்படமோ ஆளை அடையாளம் காட்டத்தான். இன்னொன்று, கண்ணீரை வரைந்துவிட்டால் பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிடும். சரி, அழுகிறார், அடுத்த படத்துக்குப் போகலாம் என்று ஆகிவிடும்.

துயரம் உண்மையில் உட்காரும் இடம் புருவம். டார்வின் 1872இல் உணர்ச்சிகளும் மெய்ப்பாடுகளும் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பார்க்கிறார். துயரத்தில் புருவத்தின் உள்முனைகள் மேலே ஏறும், நெற்றியின் நடுவில் மட்டும் குறுக்குச் சுருக்கம் விழும், வாயின் ஓரங்கள் கீழே இறங்கும். அந்தத் தசைகளுக்கு அவர் ‘துயரத் தசைகள்’ என்றே பெயர் வைத்தார். வேண்டுமென்றே புருவத்தை அப்படித் தூக்குவது பெரும்பாலானவர்களுக்கு முடியாது, கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள். அதனால்தான் மாடலிடம் சோகமாக இருங்கள் என்று சொல்லி வரைந்த படங்கள் பொய்யாகத் தெரிகின்றன. வாய் சோகமாக இருக்கும், புருவம் சும்மா இருக்கும்.

துயரத்தை வரைந்ததில் உங்களுக்கு முக்கியமான படங்கள்?

மூன்று சொல்கிறேன்.

தெலாக்ருவாவின் ‘கல்லறையில் அநாதைப் பெண்’, 1824, லூவ்ரில் இருக்கிறது. மேல்நோக்கிய கண், ஈரம், ஆனால் வழியாத கண்ணீர். தெலாக்ருவா ஜெரிகோவின் நண்பர், தெப்பத்துப் படத்தில் ஓர் உடலுக்கு மாடலாகப் படுத்தவர். இந்தப் படத்தின் அளவும் ஜெரிகோவின் தலைகளின் அளவுதான், அதே போல முகத்தை மட்டும் நம்பி நிற்கும் படம்.

அடுத்தது பிரெஞ்சு ஓவியர் மோனே. அவருடைய மனைவி கமீல் 1879 செப்டம்பர் 5ஆம் தேதி வெத்தேய் கிராமத்தில் இறந்தார், 32 வயது. மரணப் படுக்கையில் அவர் முகத்தை மோனே வரைந்தார். பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்தைச் சுற்றி வெள்ளை, நீலம், ஊதா கோடுகள் பனி கொட்டுவது போல விழுகின்றன, முகம் அதற்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பல வருடம் கழித்து கிளெமான்சோ என்ற நண்பரிடம் மோனே சொன்ன விஷயம்தான் பலரைக் கலங்க வைக்கிறது: இறந்த மனைவியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மரணம் அந்த முகத்தில் நீலம், மஞ்சள், சாம்பல் என்று வண்ணங்களை மாற்றிக்கொண்டே போவதைத் தன் கண் தானாகக் குறித்துக்கொண்டிருப்பதை உணர்ந்து தானே அதிர்ந்துபோனதாகச் சொன்னார். இது கொடூரம் இல்லையா என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள், சிலர் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கை பழகிய வேலையைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர்கள் அந்த இரவைக் கடக்கிறார்கள், மோனேவின் கை பழகிய வேலை அது.

மூன்றாவது நார்வேயின் எட்வர்ட் மூங்க் வரைந்த ‘நோயுற்ற குழந்தை’, 1885-86. அவருடைய அக்கா சோஃபி 1877இல் 15 வயதில் காசநோயில் இறந்தார். அதற்கு முன்பே தாயும் போய்விட்டார். படத்தில் தலையணையில் சாய்ந்திருக்கும் பெண்ணுக்கு மாடல் வேறொரு சிறுமி, பக்கத்தில் தலைகுனிந்திருப்பவர் அவர்களை வளர்த்த சித்தி காரென். மூங்க் வண்ணத்தைப் போட்டு, சுரண்டி, மறுபடி போட்டு, மறுபடி சுரண்டியிருக்கிறார், கீறல்கள் அப்படியே தெரிகின்றன. 1886இல் காட்சிக்கு வைத்தபோது முடிக்காத படம் என்று கேலி செய்தார்கள். நாற்பது வருடத்தில் அதே காட்சியை ஆறு தடவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சித்தியின் முகத்தை மட்டும் ஆறிலும் காட்டவே இல்லை, உச்சந்தலையை மட்டும்தான் பார்க்கிறோம்.

மனநோய் உள்ள ஓவியரே வரைந்த உருவப்படம் உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான்.

ரிச்சர்ட் டாட், 1817இல் பிறந்த ஆங்கிலேயர், நல்ல பெயரெடுத்த இளம் ஓவியர். எகிப்து வழியாக ஒரு நீண்ட பயணம் போய்வந்தபின் ஒசைரிஸ் கடவுள் தனக்கு ஆணையிடுவதாக நம்பத் தொடங்கினார். 1843 ஆகஸ்டில் கோப்ஹாம் என்ற ஊரின் பூங்காவில் தன் தந்தையைக் கொன்றார். பிரான்சுக்கு ஓடி, அங்கே இன்னொருவரைத் தாக்கப்போய்ப் பிடிபட்டு, 1844இல் பெத்லெம் விடுதிக்கு வந்தார். அங்கே இருபது வருடம், பிறகு 1864இல் ப்ராட்மூர் என்ற புதிய விடுதிக்கு மாற்றப்பட்டு 1886இல் இறக்கும் வரை அங்கேயே. உள்ளே இருந்த காலம் முழுவதும் வரைந்தார். உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு நீர்வண்ண வரிசை, அதில் துயரமும் உண்டு, வெறிப்பித்தும் உண்டு. 1855இல் ‘பித்துப் பிடித்த ஜேன்’ என்று காதலனைப் பறிகொடுத்த பெண்ணை வரைந்தார். உற்றுப் பார்த்தால் ஜேன் ஓர் ஆண், ஆண்கள் பகுதியில் அடைபட்டவருக்கு வேறு மாடல் எங்கே கிடைக்கும்?

1852இல் டாட் தம்முடைய மருத்துவர் ஒருவரின் உருவப்படத்தை வரைந்தார். அந்த மருத்துவர்தான் அலெக்சாண்டர் மாரிசன், நோயாளிகளின் முகங்களை வைத்துப் புத்தகம் போட்டவர். நோயாளியின் முகத்தைப் படிக்கலாம் என்று ஊருக்குச் சொன்னவரின் முகத்தை ஒரு நோயாளி உட்கார்ந்து படித்திருக்கிறார்! எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடையில், உயரமான தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும் எழுபது கடந்த மனிதர். பின்னால் அவருடைய ஸ்காட்லாந்து நிலமும் மீன்காரப் பெண்கள் இரண்டு பேரும். டாட் அந்த இடத்துக்குப் போனதே இல்லை, மருத்துவரின் மகள் வரைந்த ஓவியக் குறிப்பைப் பார்த்து வரைந்தார். அந்த முகத்தில் களைப்பு இருக்கிறது, கொஞ்சம் கலக்கமும் இருக்கிறது. இந்த இருவரில் யார் நோயாளி என்று தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டினால் மாரிசனைத்தான் சொல்வார்.

வான்கோ வரைந்த மருத்துவர் படமும் அப்படித்தானே?

ஆமாம், அதே வகை. 1890 ஜூனில் ஓவேர் கிராமத்தில் டாக்டர் காஷேயை வரைந்தார், ஜூலை 29ஆம் தேதி வான்கோ இறந்துவிட்டார். காஷே இளமையில் சோகப்பித்தைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர். இவர் என்னைவிட அதிக நோயாளியாக இருக்கிறார் என்று வான்கோ தம்பிக்கு எழுதினார். கன்னத்தைக் கையில் தாங்கிய அந்த நிலை சோகத்துக்கு ஐரோப்பாவில் மிகப் பழைய அடையாளம், 1514இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் செதுக்கிய படத்திலும் அதுதான். மேசையில் இருப்பது மருந்துச் செடியான ஃபாக்ஸ்கிளவ். இரண்டு பிரதிகள் வரைந்தார், ஒன்று 1990இல் 8.25 கோடி டாலருக்கு ஏலம் போனது, மற்றது ஓர்சேயில் இருக்கிறது. விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தப் புருவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்முனை ஏறியிருக்கிறது, டார்வின் சொன்ன அதே இடம்.

தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த மனிதர் படம்? எல்லா இடத்திலும் வருகிறதே?

பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் தன்னுருவம், 1843-45. அழகான படம், ஆனால் அது நடிப்பு. இளைஞர் ஒருவர் கண்ணாடி முன் உட்கார்ந்து கண்ணை விரித்துப் பார்த்து வரைந்தது. பித்தைப் பற்றி அதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை, கூர்பேயின் திறமையைப் பற்றி நிறைய இருக்கிறது.

புகைப்படம் வந்த பிறகு என்ன ஆனது?

மருத்துவர்கள் ஓவியர்களை விட்டுவிட்டு கேமராவுக்குப் போனார்கள். இங்கிலாந்தில் ஹியூ டயமண்ட் 1850களில் சர்ரே மாவட்ட விடுதியின் பெண் நோயாளிகளைப் படமெடுத்தார், அந்தப் படங்களை அவர்களிடமே காட்டினால் குணமாக உதவும் என்றும் நம்பினார். 1870களில் சார்கோ என்ற மருத்துவரின் கீழ் சால்பெத்ரியேரில் ஹிஸ்டீரியா நோயாளிகளின் புகைப்படத் தொகுதிகள் வெளியாயின. கேமரா பொய் சொல்லாது என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் அந்தப் பெண்களில் சிலர் மருத்துவர்கள் எதிர்பார்த்த நிலைகளில் திரும்பத் திரும்ப நின்றார்கள். தொகுதி தொகுதியாக அவை வந்தும், ஜெரிகோவின் வெள்ளைத் தொப்பி அம்மாவிடம் இருக்கும் அந்தத் தனிமை எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை. சில மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரின் பார்வை அது.

நான் இப்படி ஒரு முகம் வரைய ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

யாரையும் சோகமாக இருக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அனுமதி கேட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார வைத்து, உங்களைப் பார்க்க வேண்டாம், பிடித்த பக்கம் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் இருபது நிமிடம் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வார், அது விருந்தாளிக்குக் காட்டும் முகம். அதற்குப் பிறகு மறந்துவிடுவார். அப்போது தூரிகையை எடுங்கள். கையை வரையாதீர்கள், பின்னணியை ஒரே இருட்டாக விடுங்கள், கறுப்பை மட்டும் வைத்து இருட்டாக்காமல் பழுப்பும் கொஞ்சம் பச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இமையோரச் சிவப்பைக் கடைசியில் வையுங்கள், ஒரே தொடுதலில். முடிந்ததும் படத்தின் பின்புறம் தேதியையும், அவர் யாரென்று, அவருடைய முழுப் பெயரையும் எழுதுங்கள்.